ஜனாதிபதியின் சொந்த விசயம்

போன வியாழக்கிழமை கிளாராவின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பலெர்மோவில் கபோ சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடி. ரி.வி.யில் பக்தாத் நகரத்தின் வானம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அமெரிக்கா மறுபடியும் குண்டு போடத் தொடங்கிவிட்டது.

அதே வாரம்தான், ஒரு பெண் விசயத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னார் என்று அமெரிக்க ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்குவதற்கான குற்றச்சாட்டின் மீது வாக்கெடுப்பு. குண்டு விழுந்ததும் வாக்கெடுப்பைத் தள்ளி வைத்தார்கள்.

சற்று நேரத்தில் ஜனாதிபதியே திரையில் வந்தார். ஏன் இந்தத் தாக்குதல், ஏன் இப்போது என்று விளக்கினார். இத்தாலிய மொழிபெயர்ப்பாளரின் குரல் அவருடைய குரலுக்கு மேலே அவசரமாக ஓடியது.

கிளாரா எழுந்து போய் ரி.வி.யை அணைத்தாள்.

"அக்கா, இந்த மனுசன் இப்ப உண்மைதான் சொல்லுறாரெண்டு வையுங்கோ," என்றாள். "ஆர் நம்புவினம்?"

வேறு எந்த வீடாக இருந்தாலும் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அந்த வீட்டில், அந்தக் கேள்விக்கு, வாயில் வந்ததைச் சொல்ல முடியாது.

ஏன் என்று சொல்கிறேன்.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் அரசியல் தெரியும். நான் பழைமைவாதி. அமெரிக்காவில் எனக்கு வாக்கு இருந்தால் ஜனாதிபதியின் எதிர்க்கட்சிக்கு, யானைச் சின்னத்துக்குத்தான் போடுவேன். (பயப்படாதீர்கள்... நம் நாட்டு யானைக் கட்சி வேறு.) குடும்பம், கோயில், கொடுத்த வாக்கு — இந்த மூன்றும் ஆடினால் நாடு ஆடும் என்று நம்புகிறவள். ஜனாதிபதியைக் கண்டித்து நான் எழுதியபோது, 'பத்தாம்பசலி' என்று பாரிஸிலிருந்து ஒரு வாசகர் திட்டியிருந்தார். படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதா அரசியல் என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. அதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர் கிளாராவின் கணவர் அன்ரன்.

அன்ரன் மன்னார்க்காரர். பலெர்மோவுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவர். ஒரு டொக்டர் வீட்டில் சமையல், துப்புரவு, நாயை நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவர்தான். ஞாயிறு பூசையில் பாட்டுக்குழுவின் முதல் குரலும் அவர்தான். பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க யாராவது க்வெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போவதென்றால், விடியவே கூடப்போய் வரிசையில் நிற்பார். பொலிஸ்காரரே சிரிக்கும்படி இத்தாலி மொழி கதைப்பார்.

அவரைப் பிடிக்காதவர்கள் இல்லை. எனக்கும் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளாராவும் மகள் டிலானியும் பல வருடம் காத்திருந்துதான் இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்த நாளிலிருந்து அன்ரனுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மேலதிக வேலை இருந்தது. நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில், படுத்த படுக்கையாக ஒரு கிழவர். பிள்ளைகள் வடக்கே எங்கோ. பார்க்க ஆளில்லை. சனி மத்தியானம் பஸ் ஏறினால், ஞாயிறு பூசைக்கு நேரே வந்துவிடுவார்.

கிளாரா அந்தக் கிழவருக்கென்று சூப் வைத்துக் கொடுத்தனுப்புவாள். கிழவருக்குச் சுகம் வரவேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். டிலானி அவருக்குப் பூப்படம் கீறி அனுப்புவாள்.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு சனிக்கிழமை, அன்ரன் சூப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கிழவர் பசியோடு இருப்பாரே என்று கிளாரா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். இறங்கிய இடத்தில் இருந்த காப்பிக் கடையில், இலங்கைக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிற வருத்தக்காரக் கிழவரின் வீடு எது என்று கேட்டாள்.

கிழவர் யாரும் இல்லையே என்றார்கள். இலங்கைக்காரர் இருக்கிறார்... அதோ, அந்தக் கட்டடத்தில். அவரும் அவருடைய சிஞ்ஞோராவும். மனைவி என்றே நினைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தவளுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். கிளாரா சூப்பை அவளுடைய கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் நான் ரி.வி.யில் பார்த்த கதை மாதிரியே இருந்தது. முதலில், அவள் கிழவரின் மகள் என்றார் அன்ரன். பிறகு, கிழவர் ஆஸ்பத்திரியில் என்றார். பிறகு, டிலானியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தப் பெண்ணே ஒருநாள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து இவரைக் கேட்ட பிறகுதான், "ஓம்" என்ற ஒரு சொல் வந்தது.

பொய் எப்போதும் தானாக இறங்கி வருவதில்லை. படிப்படியாக இழுத்து இறக்க வேண்டியிருக்கிறது... வாஷிங்டனிலும் சரி, பிரான்காச்சோவிலும் சரி.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. கிளாரா அவரை மன்னித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. மன்னித்தாளோ என்னவோ, சோறு போட்டாள். அதற்கு முந்திய வாரம்தான் அமெரிக்க ஜனாதிபதி ரி.வி.யில் வந்து, வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த இளம்பெண்ணோடு தொடர்பு இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். சில நாட்களிலேயே சூடானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஏவுகணைகள் போயின.

அன்ரன் ஜனாதிபதியின் பக்கம். ஆச்சரியமா என்ன?

"அக்கா, அது அவரின்ரை சொந்த விசயம். நாட்டை நல்லா நடத்துறாரோ இல்லையோ, அதைத்தானே பார்க்க வேணும்?"

"மனுசிக்கு மட்டும் பொய் சொன்னவரெண்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டன், தம்பி," என்றேன். "சத்தியம் செய்துபோட்டு நீதிபதிக்கு முன்னால சொன்னவர். அதைச் சும்மா விட்டால், கோட்டுக்கு வாற களவாணிக்கு என்னத்தைச் சொல்லுவினம்?"

"எல்லாரும் சொல்லுற பொய்தானே?"

"எல்லாரும் ஜனாதிபதியோ?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. எந்தக் கோபத்தையும் கரைத்துவிடுகிற சிரிப்பு அது. பிறகு, ஏவுகணை விட்டது சரிதானே, அதில் அமெரிக்கா செய்தது நியாயம்தானே என்று என்னிடமே கேட்டார்.

சரிதான் என்றேன். ஆபிரிக்காவில் இரண்டு அமெரிக்கத் தூதரகங்களுக்குக் குண்டு வைத்து, தெருவில் போன சனங்களைக் கொன்றவர்களை அடிக்கத்தான் வேண்டும். குண்டு வெடித்துச் சாவது எப்படி என்று எங்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. அந்த அடியை எந்த ஜனாதிபதி கொடுத்திருந்தாலும் நான் ஆதரித்திருப்பேன். அதனால்தான் எனக்குக் கோபம். நியாயமான ஒரு காரியம், செய்தவரின் வாயால் கேலியாகிவிட்டது. 'பெண்ணை மறைக்க ஏவுகணை விட்டார்' என்று வியா மக்வேதா தெருவில் செருப்பு விற்கிறவர்கூடச் சொல்லிச் சிரித்தார்.

கறிச்சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்த கிளாரா, கணவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"சொந்த விசயமெண்டால்... ஆருக்குச் சொந்தம்?"

அன்ரன் குனிந்து சாப்பிட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்ரன் திருந்திவிட்டார். உண்மையாகவே. அந்தப் பெண்ணுக்கு வடக்கே வேலை கிடைத்து அவள் பலெர்மோவை விட்டே போய்விட்டாள். போவதற்கு முன்பே இவர் முறித்துக்கொண்டதாகப் பாதரிடமும் சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். குரல்கூடத் தணிந்துவிட்டது.

கிளாரா நம்பவில்லை. சந்தைக்குப் போய்வந்தேன் என்றால் பையைப் பார்ப்பாள். வேலை பிந்திவிட்டது என்றால் டொக்டர் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பாள். அவர் ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, நான் இப்ப சொல்லுறதெல்லாம் உண்மை. ஒண்டையும் நம்புறா இல்லை. நீங்களெண்டாலும் சொல்லுங்கோ" என்று கேட்டார். நான் சொன்னேன். "உங்களுக்கும் பொய் சொல்லியிருப்பார்" என்றாள் கிளாரா.

நவம்பரில் ஒரு சனி பின்னேரம் அன்ரனின் மோட்டோரினோ பழுதாகிவிட்டது. பிரான்காச்சோவில் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே தெரிந்த ஒரு மெக்கானிக் நன்றாகத் திருத்துவார். ஸ்கூட்டரை ஒரு சிநேகிதனின் வானில் ஏற்றினார்.

"எங்கை போறியள்?" என்று கிளாரா கேட்டிருக்கிறாள்.

"பிரான்காச்சோவுக்கு. மோட்டோரினோ திருத்த."

அந்த இடத்தின் பெயரைச் சொல்லாமலாவது போயிருக்கலாம். ஆனால் அவர் உண்மை சொல்வதென்று தீர்மானித்திருந்தார். கிளாரா திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

இருட்டுவதற்கு முன்னால் வீட்டு ரெலிபோன் அடித்தது. பட்டறையிலிருந்து அன்ரன்.

"கிளாரா... எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. கை விறைக்குது. மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கு. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"எங்கை நிக்கிறியள்?"

"பிரான்காச்சோவில. பட்டறையில. சொன்னனான்தானே."

"அப்ப உங்கட கிழவரைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள்.

மிச்சத்தை அந்த மெக்கானிக் செத்தவீட்டில் சொன்னார். எண்ணெய்க் கறை போகாத கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார் மனிதர். ரெலிபோனை வைத்த பிறகு அன்ரன் சிரித்தாராம். அம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று இவர் கேட்டதற்கு, வேண்டாம், கொஞ்சம் இருந்தால் சரியாகிவிடும் என்றாராம். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாராம். சரிந்து விழுந்த பிறகுதான் இவர் அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். அது வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரை உயிர் தாங்கவில்லை.

மோட்டோரினோ திருத்தி முடிந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

அடக்கத்துக்கு அடுத்த நாள் கிளாரா என்னிடம் கேட்டாள். அழவில்லை. விலை கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"நான் நம்பியிருக்க வேணுமோ, அக்கா?"

என்ன சொல்ல? நம்பியிருக்கலாம் என்றால் அவளைக் கொல்வதாகும். நம்பாதது சரி என்றால் அவரை இன்னொருமுறை புதைப்பதாகும். "உன்ரை நம்பிக்கையை அவர்தான் செலவழிச்சுப்போட்டார், பிள்ளை. உன்னட்டை மிச்சமிருக்கேல்லை" என்றேன். அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. எனக்கு இருக்கவில்லை.

பாரிஸ் வாசகரே, படுக்கையறைக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நடப்பது எனக்கு வேண்டாம். எனக்குப் பயம் வேறு. பொய் சொன்ன அன்றைக்கு ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பங்குச்சந்தை ஏறுகிறது, சூப் வேகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கெடுவது பிறகு, உண்மை சொல்ல வேண்டிய அன்றைக்கு. நாளைக்கு மெய்யான ஆபத்து ஒன்று வந்து, வெள்ளை மாளிகையில் இருப்பவர் இரு கையையும் விரித்து உண்மையைச் சொல்லும்போது, உலகம் ரெலிபோனை வைத்துவிட்டால்? பக்தாத்தில் அவர் இப்போது சொல்லும் காரணம் சரியாகவே இருக்கலாம். எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் என் வாக்குக் கிடைக்கக்கூடிய கட்சிக்காரர்களே அவரை நம்பவில்லை. கீழே சாகிறவர்களுக்கு இந்தத் தகராறு ஒன்றும் தெரியாது.

கிளாராவின் பெர்மெஸோ கணவரின் பெயரில் எடுத்தது. இனி அதை வேலை விசாவாக மாற்ற வேண்டும். டொக்டரின் மனைவி, அன்ரன் பார்த்த வேலையையே கிளாராவுக்குக் கொடுத்து, கையெழுத்தும் வைத்திருக்கிறார். அந்த நாயை இப்போது அவள்தான் நடத்திக்கொண்டு போகிறாள். கோயிலுக்கு வருகிறாள். மெழுகுதிரிப் பக்கம் மட்டும் போவதில்லை.

வியாழக்கிழமை நான் புறப்படும்போது டிலானி மாடிப்படி வரை கூட வந்தாள். பள்ளியில் ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும். அம்மாவுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டாள்.

"அன்ரி, பட்டறைக்குப் போன அண்டைக்கு அப்பா பொய் சொல்லேல்லைத்தானே... வேரோ?" உண்மைதானே என்பதை இத்தாலியில்தான் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. அண்டைக்கு அவர் சொன்னது உண்மை," என்றேன்.

மற்ற நாட்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்... நானும் ஒரு ஜனாதிபதியைப் போலத்தான் பதில் சொல்லியிருப்பேன்.