ஓரத்தில் பாடிய மல்லிகா

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில் வந்தேன். டிரைவர் அம்மன் பாட்டுப் போட்டிருந்தார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் பாட்டு. 'எங்கள்' என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பாடியவர் வேறு. ஒவ்வொரு அடி முடிவிலும் "தாயே, தாயே" என்று பின்பாட்டு வருமே, அது மட்டும்தான் மல்லிகாவும் நானும். அந்த இடம் வந்தது. அடுத்த தெருவில் யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

முன் சீட்டுக்காரர் மடியில் புதுத் தலையணைகள். அந்தப் பஞ்சு வாசனைதான், பாட்டைப் பதிவு செய்த அறையிலும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பாத்திரக் கடையின் மாடி. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் மெத்தை தொங்கும். ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள்.

நானும் மல்லிகாவும் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அவள் பாடுவாள், நான் பின்னால் ஒட்டிக்கொள்வேன். தனியாகப் பாடச் சொன்னால் எனக்கு வராது.

பாட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும், "நடுவுல நின்னீங்கன்னா என் குரல் அமுங்கிடும். ஆளுக்கொரு ஓரமாப் போங்க" என்றார். இடது கோடி மைக்கில் அவள், வலது கோடியில் நான். மல்லிகா சும்மா இருப்பாளா?

"வாடி, ஓரத்துல உக்காந்தாலும் பந்தி பந்திதான். எப்படியும் எலை போடுவாங்க."

நான் சிரித்துத் தொலைத்து ஒரு பதிவு வீணானது.

மகள் பிறந்த பதினோராம் மாதம் மல்லிகா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அந்த மகள் கவிதா என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் அம்மாவின் போட்டோ ஒன்று உண்டு. குரல் இல்லை. கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. "ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும் அத்தை" என்பாள்.

போன ஆடியில் பாட்டுக்காரரின் மகன் கூப்பிட்டார். காலமான அப்பாவின் பழைய டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்கிறாராம். பாட்டில் சில சொல் புரியவில்லை, வந்து சொல்லுங்கள் என்றார். தில்லைநகரில் ஏசி அறை. ஒரு வாசனையும் இல்லை. எதையாவது தொட்டால் உடைந்துவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி வர்றது நடும்மா. ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் வித்தியாசமா வர்றது ஓரம். ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுத்தான் வேலை பாப்போம்" என்று என் காதில் ஹெட்போனை மாட்டி, நடுவை நிறுத்திக் காட்டினார்.

பாட்டுக்காரர் காணாமல் போனார். டேப் இரைச்சலுக்குள்ளிருந்து மல்லிகா பாடினாள். கூடவே என் குரல். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"பாருங்க, ஓரம் பூரா இரைச்சல். இதை இறக்கினாத்தான் அப்பா குரல் எடுப்பா நிக்கும்."

இந்த ஓரத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. பெரிய இடம், வேலை நேரம், என்ன நினைப்பாரோ. "சரிங்க தம்பி, போயிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன். கவிதாவிடமும் சொல்லவில்லை. இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு சொல்லலாம் என்றிருந்தேன். அந்த இன்னொரு நாளுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது.

சத்திரத்தில் இறங்கியதும் அவருக்குப் போன் போட்டேன். "தம்பி, அந்த ஓரம் இருக்குங்களா?"

"அதுவா? வேலை முடிஞ்சதும் அழிச்சாச்சும்மா. டேப்பும் பூஞ்சை பிடிச்சுக் கெடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டோம். ஏம்மா, பாட்டு நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குங்க" என்றேன். அப்போதும் மல்லிகாவைப் பற்றிச் சொல்லவில்லை.

பாத்திரக் கடை இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி ஜவுளிக்கடை. அது போகட்டும். நேற்று கவிதா கூப்பிட்டாள். "அத்தை, அந்தப் பாட்டு போன்ல வந்திருக்கு! அம்மா எந்தப் பக்கம்?"

"இடது காதுல கேளும்மா" என்றேன்.

இப்போது அந்தப் பாட்டில் இரண்டு காதிலும் பாட்டுக்காரர்தான் நிற்கிறார்.