தனம் அத்தையின் குரல்

நேற்று மகளின் பள்ளி ஆண்டுவிழாவில், மேடைக்குப் பின்னால் தேங்காயெண்ணெயில் குழைத்த முகப்பூச்சின் வாசனை வந்ததும், பரமத்தி வேலூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தனம் அத்தையின், ஜன்னலே இல்லாத புகைபிடித்த சமையலறைக்குப் போய்விட்டேன். அந்த வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள்.

நாடகங்களில் ராணியாக நடித்து, சில சினிமாக்களிலும் வந்த அத்தையை, கல்யாணத்துக்குப் பிறகு மாமா நடிக்க விடவில்லை. அவர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போன மத்தியானங்களில், அத்தை அந்தச் சமையலறையில் முகப்பூச்சைக் குழைத்துப் பூசிக்கொண்டு, அம்மி அரைக்கும் சத்தத்துக்குள் மறைத்து, ராணியின் வசனங்களை எனக்கு மட்டும் மெதுவாகப் பேசிக் காட்டுவார்.

ஒருநாள் அத்தையை ஒரு படத்தில் அம்மா வேடத்தில் நடிக்கக் கேட்டுச் சினிமாக்காரர்கள் காரில் வந்தார்கள். “அவளுக்கு ஒடம்பு செரியில்லீங்க,” என்றார் மாமா வாசலில். உள்ளே என் கையைப் பிடித்திருந்த அத்தை, அதை விட்டுவிட்டு வெளியே போனார்.

“நான் நல்லாத்தானுங்க இருக்கறேன். இவங்கதான் உட மாட்டீங்கறாங்க.”

கார் போய்விட்டது. மறுநாள் மாமா அத்தையை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிவிட்டுக் கொடிக்காலுக்குப் போனார். வழக்கம்போல வந்து திகைத்து நின்ற என்னிடம், “அங்கயே உக்காரு சாமி,” என்று தெரு ஜன்னலில் நின்று சொன்ன அத்தை, முழுக் குரலில் வசனம் பேசத் தொடங்கினார். குடத்தோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். அன்று சாயங்காலமே மாமா ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்தார். அடுத்த மத்தியானம் பலகையைத் தாண்டி வந்த குரலைத் தெருவே நின்று கேட்டது. பூட்டைத் திறக்க மட்டும் யாரும் வரவில்லை.