மாமா கலக்கிய பால்

கழுவிய கைகளை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் மாமனார் அடுப்படி வாசலில் நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மார்கழிக் காலை. பனி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையைத் தாண்டி ஜன்னல் கம்பிவரை வந்து நின்றிருந்தது. முழங்கை வழியே நீர் சொட்ட, அது தானாகக் காயட்டும் என்று அவர் காத்திருந்தார். ரத்தம் குறைந்து, காய்ச்சல் விட்டும் விடாமலும் நான் படுத்திருந்த நாட்கள் அவை. பாதித் தூக்கத்தில் பார்க்கும்போது, பனிக்குள்ளிருந்தே ஒருவர் வந்து நிற்பதாகத் தோன்றும். மறுபடி கண் மூடுவேன். கிண்ணத்தில் கரண்டி மெல்லச் சுற்றும் சத்தம் மட்டும் எங்கோ தொலைவில் கேட்கும்.

என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். விழுப்புரத்தில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது அவள் எடை ஒன்றே முக்கால் கிலோ. மார்பில் வாய் வைத்தால் நாலு முறை உறிஞ்சுவதற்குள் களைத்துத் தூங்கிவிடுவாள். அதனால் பாலைப் பீய்ச்சி எடுத்து, டாக்டர் எழுதிய சத்துப் பொடியை அதில் கலந்து, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையால் புகட்ட வேண்டும் என்றார்கள். எனக்கோ கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா இல்லை. மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அளவுக் கோடு தெரியாது. கணவர் மஸ்கட்டில். “வீட்ல யார் கலக்கப் போறீங்க? அவங்க இங்க வந்து என் கண் முன்னாடி ஒருவாட்டி கலக்கிக் காட்டணும்” என்று வார்டு சிஸ்டர் கேட்டபோது, கதவுக்கு வெளியே நின்றிருந்த மாமா தொண்டையைக் கனைத்தார்.

“நான் கலக்கறேன் சிஸ்டர். மருந்து அளந்து அளந்து பழகின கைதான்.”

“பூச்சி மருந்தா ஐயா? அப்போ மொதல்ல முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்க.”

வார்டே சிரித்தது. நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அதுவரை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக்கூடத் தயங்கிய மனிதர் அவர். என் பாலை அவர் கையில் எப்படிக் கொடுப்பது? அவரோ சிரிப்பைக் கவனிக்கவே இல்லை. சிஸ்டர் சொன்ன ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். “பால அளந்துட்டுத்தான் பொடி. எழுதின அளவுக்கு மேல ஒரு சிட்டிகை கூடாது, குடல் தாங்காது. கலக்கினதை அடுப்புல வைக்காதீங்க. சில்லுன்னு இருந்தா வெதுவெதுப்பான தண்ணில கிண்ணத்த வச்சி எடுங்க. குடிச்சது போக மிச்சத்தை அடுத்த வேளைக்கு வச்சிக்கக் கூடாது” என்று சிஸ்டர் முடித்தார்.

மயிலம் பக்கத்தில் எங்கள் ஊர். கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்து, கதவிடுக்கில் கிண்ணத்தை நீட்டுவேன். மாமா வாங்கிக்கொள்வார். கொதித்த நீரிலிருந்து எடுத்து ஆறவைத்த அளவுக் குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, இருபத்தைந்து மில்லி கோட்டில் பால் அசையாமல் நிற்கும்வரை பார்ப்பார். பிறகுதான் பொடி பாக்கெட் ஒன்றைப் பிரிப்பார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதே வேலை. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் நேரத்துக்கு வந்துவிடுவார். நாட்கள் ஒன்றோடொன்று கலந்து, எது காலை எது மாலை என்று தெரியாமல் எனக்கு மிதந்து போயின.

முதல் பரிசோதனைக்குத் திண்டிவனத்துக்குத் தூக்கிப்போனோம். எடை ஏறவேயில்லை. மறுநாள் பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, “ரெண்டு பாக்கெட்டா போடுங்க மாமா, ஜல்தியா தேறிடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் பாலாடை வரக் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், மாமா அடுப்படித் தரையில் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாவது பாக்கெட்டையும் போட்டுட்டேன்மா. குடுக்கத்தான் மனசு வரல.”

அந்தப் பாலை எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. “நான் படற பாடு உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கத்திவிட்டேன். மாமியார் கூடத்திலிருந்து “என்னாச்சி?” என்று கேட்டார். மாமா போனை எடுத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டார். செய்ததை ஒளிக்காமல் சொன்னார். “கொழந்தைக்குக் குடுக்கலியே? நல்லதாப் போச்சி. அதைக் கீழ ஊத்திடுங்க, வேற பால் எடுத்துக் குடுங்க. நாளைக்கே கொழந்தைய எடுத்துக்கினு வாங்க” என்றார் சிஸ்டர். தொட்டியில் பாலை ஊற்றும்போது மாமாவின் முதுகு குலுங்கியது. நான் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

விழுப்புரத்தில் டாக்டர் குழந்தையின் பாதங்களை உள்ளங்கையில் பொத்திப் பார்த்தார். சில்லிட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் நெஞ்சோடு அணைத்துத்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் அசதியில் தூளியில் போட்டுவிட்டிருந்தேன். “எழுதின பொடியே போதும். குடிக்கிற பாலெல்லாம் குளிரத் தாங்கறதுக்கே போவுது. உடம்போட உடம்பா வச்சிக்குங்க. நீங்க மட்டுமில்ல, தாத்தாவும் வச்சிக்கலாம்” என்றார்.

அதற்குப் பிறகான நாட்களை நான் கனவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. நான் தூங்கும் நேரங்களில், வெயில் விழும் கூடத்தில் மாமா சட்டையில்லாமல் சாய்ந்திருப்பார். போர்வைக்கு வெளியே தொப்பி போட்ட சின்னத் தலை மட்டும் தெரியும். அவர் மூச்சு ஏற ஏற அந்தத் தலையும் ஏறும், இறங்கும். வேளை வந்ததும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போவார். அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரமும் ஏறியது. தை முடிவதற்குள் அவளே மார்பில் வயிறு நிறையக் குடிக்கத் தொடங்கினாள். பொடியை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் மாமா கொல்லையிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்று இருமினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். “வாங்க மாமா” என்ற பிறகுதான் உள்ளே வந்தார். அத்தனை நாளும் இல்லாதிருந்த கூச்சம் எங்கள் இருவரிடமும் சத்தமில்லாமல் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. நானும் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. திண்டிவனம் பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் எனக்கு முன்னால் ஓடுகிறாள், கூப்பிட்டால் நிற்பதில்லை. தாத்தா தன்னைத் தூக்கி வளர்த்தார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மதியம் கீழே ஊற்றிய பாலைப் பற்றி என் கணவருக்குக்கூட இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.