அச்சு அசல்

சிட்லபாக்கத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஒரே சட்டம்தான். பழைய சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே பாட வேண்டும். அங்கே மூச்சு இழுத்த இடத்தில்தான் நாமும் இழுக்க வேண்டும். கல்யாண ரிசப்ஷனில் பாடி முடித்ததும் யாராவது வந்து, "அச்சு அசல் கேசட் மாதிரியே இருந்துச்சும்மா" என்றால் அதுதான் எங்களுக்கு தேசிய விருது. அதை அதிகம் வாங்கியவள் நான்.

என்னோடு பாடிய பீர்க்கன்கரணைக்காரி ஒருத்திக்கு அந்தச் சட்டம் ஒத்தே வராது. இஷ்டத்துக்கு இழுப்பாள், பாட்டின் நடுவில் சிரிப்பாள். கீபோர்டு வாசிக்கும் அண்ணா அவளைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

அவள்தான் பிறகு பாப் பாடகியானாள். நாங்கள் மேடையில் பாடிய அதே பழைய பாட்டுகளை கிடாரும் டிரம்ஸுமாக மாற்றி ஆல்பம் போட்டாள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து சிடி கடைப் போஸ்டரில் தலையை விரித்துப்போட்டு நின்றாள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

நல்லவேளை, திட்டினார்கள். பழைய பாட்டைக் கொலை செய்துவிட்டாள் என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. எஃப்எம்மில் பெரியவர் ஒருவர் போன் போட்டுப் புலம்பினார். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஆனால் காலேஜ் பிள்ளைகளுக்கு அவள்தான் ரிங்டோன். மின்சார ரயிலில் என் பக்கத்து சீட்டிலேயே அவள் குரல் அடித்தது.

அந்த ஆவணியில் கோவிலம்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். அந்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டை, வேண்டுமென்றே பழைய ரெக்கார்டுப்படி பாடினேன். ஒரு சரணம் முடிவதற்குள் மாப்பிள்ளையின் நண்பர் மேடைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, இது வேணாம். புதுசா சிடி வந்துச்சே, அவங்க பாடுன மாதிரி பாடுங்க."

கீபோர்டு அண்ணா என்னைப் பார்த்தார். "அது உனக்கு வருமாம்மா?"

வராதா என்ன? குறை கண்டுபிடிக்கவென்றே அந்த சிடியைத் தேயத் தேயக் கேட்டவள் நான். அவள் இழுத்த இடத்தில் இழுத்தேன். சிரித்த இடத்தில் சிரித்தேன். மண்டபமே எழுந்து ஆடியது.

மேடையை விட்டு இறங்கியதும் கல்யாணப் பெண்ணின் தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர்க்கா! அச்சு அசல் அவங்க மாதிரியே இருந்துச்சு!"

வழக்கம்போல "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று சிரித்தேன். பந்தியில் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை.