சிவப்புத் துணி கட்டிய செடிகள்

முட்டையிருந்த குருவிக்கூடு ஒன்றைத் திருடினேன். அதன் பழி ஒரு பெண்ணின் மேல் விழுந்தபோது பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருநாள் காற்றில் விழுந்த கூடு ஒன்று என் கார்மேல் கிடந்தது. பாசி, தேயிலைக் குச்சி, நடுவே காய்கறி மூட்டை கட்டும் நீலக் கயிற்றின் நார். அன்று பிடித்தது ஆசை. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிய அட்டைப்பெட்டிகளில் கூடுகளைச் சேர்க்கத் தொடங்கினேன். இந்த மலைக்காட்டு ஈரத்தில் எது நிலைக்கும்? ஒன்று பூஞ்சை பூத்தது. இன்னொன்று தொட்டதும் உதிர்ந்தது. பழைய கூடுகளின் மேல் எரிச்சல் வந்து புதிய கூடு தேடினேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூடு உள்ள செடியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். குஞ்சு பறக்கும்வரை இருவர் இருமுனை பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷின் அந்தச் செடியை விட்டு விலகிப் போகும். அந்தச் சரிவில் துணி கட்டுபவள் நடுவயதுப் பெண் ஒருத்தி. அவள் சொல்லை நம்பித்தான் கங்காணி செடியை விடுவார்.

ஒரு காலை, துணி பார்த்துப் போய்க் கூட்டை எடுத்தேன். மூன்று முட்டைகளையும் வேறொரு செடியடியில் வைத்தேன். தாய்க்குருவி தேடிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராது என்பது எனக்குத் தெரியும். சாலைக்கு ஏறி நின்றதுமே மெஷின் வந்துவிட்டது.

“என்னம்மா இது? கூடும் இல்ல, குருவியும் இல்ல. மேட்டுல வெட்ட சோம்பேறித்தனம், துணி கட்டிட்டியா?” என்றார் கங்காணி.

“மாரியாத்தா சத்தியமா நேத்து மூணு முட்டை இருந்துச்சுங்க!”

“முட்டைக்குக் காலு மொளச்சிருச்சா லா?”

மெஷின் பிடித்தவர்கள் சிரித்தார்கள். கங்காணி என்னைப் பார்த்தார். “தெனம் நடக்கிறீங்களே சார், ஏதும் பாத்தீங்களா?”

“கவனிக்கலையே” என்றேன். கூடு என் தோள்பையில் இருந்தது.

அன்றே அவளைக் களைமருந்து அடிக்க மாற்றினார்கள். மருந்து டாங்கியை முதுகில் சுமந்து அவள் ஏறுவதைப் பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் கூட்டை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போய், எல்லார் முன்னும் சொன்னேன்.

“ஒரு குருவிக்கூட்டுக்கா சார் இவ்ளோ தூரம்? விடுங்க லா” என்றார் கங்காணி. அவளை மீண்டும் கொழுந்துக்குச் சேர்த்தார். கையோடு, “இனிமே யாரும் துணி கட்ட வேணாம். கண்டவங்க வந்து எடுக்கவா? மெஷின் நேராப் போகட்டும்” என்றும் சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். “இத அன்னைக்கு ரோட்டுல நின்னப்பவே சொல்லியிருக்கலாமே சார்.”



அந்தப் பக்கமே வரமாட்டேன், துணி கட்ட விடுங்கள் என்று தோட்ட மேனேஜருக்கு இருமுறை எழுதினேன். பதில் இல்லை. போன வாரம் மெஷின் அந்தச் சரிவில் ஒரு செடியும் விடாமல் வெட்டிக்கொண்டு போனது. அதன் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் அவள்தான்.