நான் வாங்கிய சத்தியம்

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் தெற்கில் தமிழர் கடைகள் எரிந்த பிறகு, அங்கே வியாபாரம் செய்த புங்குடுதீவுக் குடும்பங்கள் பல வெறுங்கையோடு ஊர் திரும்பின. கடையில் நின்று பழகிய இளந்தாரிகளுக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அப்போது நான் அதே தீவில் மடத்துவெளியில் இருந்தேன், அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். பின்னேரங்களில் அவர்களில் பதினொரு பேரைச் சேர்த்துக் கரப்பந்து விளையாட வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு பேரையும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரம் கொளுத்தி, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் அதை விடப் பெரிய கட்டு ஒன்றும் கிடையாது. நான் சத்தியம் செய்யவில்லை. குடிக்காத எனக்கு எதற்கு?

அவர்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயது. தகப்பனின் கடை எரிந்ததைக் கண்ணால் கண்டவன். மற்றவர்களை விட அதிகம் குடித்தவனும் அவன்தான். சத்தியத்துக்குப் பிறகு நான்கு மாதம் தொடவில்லை. அவனைக் காட்டிக் காட்டியே நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன்.

பிறகு ஒரு செத்தவீடு வந்தது. சுடலையில் விறகு கொத்துகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது வழக்கம். மறுத்தால் செத்தவீட்டுக்காரரை அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். கொத்தி முடித்து நின்ற அவன் கையில் பெரியவர்கள் கிளாசைத் திணித்தார்கள். அவன் என்னைத்தான் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவன் குடித்து முடித்த பிறகுதான் திறந்தேன்.

“பிள்ளையாருக்கு முன்னால சொன்னது உமக்கு மறந்துபோச்சோ?” என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

அடுத்த நாள் முதல் அவன் விளையாட வரவில்லை. கோயில் வாசலால் போகாமல் கடற்கரையைச் சுற்றிப் போனான். வெட்கப்பட்டுத் தானாகத் திருந்துவான் என்று நானும் விறைப்பாகவே இருந்தேன். காலையிலேயே குடிக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவன் வீட்டுக்குப் போனேன்.

“நடந்ததை விடும். திரும்பி வாரும்.”

“ஏலாது அண்ணை. உங்களுக்குத் தந்த வாக்கெண்டால் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்திருப்பன். நீங்கள் பிள்ளையாரையெல்லோ நடுவில வைச்சனீங்கள். அது முறிஞ்சுபோச்சு. இனிக் குடிச்சாலென்ன, விட்டாலென்ன?”

வந்த வழியே திரும்பிப் போனேன். என் கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த மாரியில் அவன் கெட்டுப்போன கசிப்பைக் குடித்துச் செத்தான். அவனுக்கு விறகு கொத்தியவர்கள் மற்றப் பத்துப் பேரும்தான். வழக்கம்போல் போத்தல் வந்தது. யாரோ ஒரு கிளாசை என் பக்கம் நீட்டினார்கள்.

“அவர் உத்தியோகக்காரர், அவரை விடுங்கோ” என்றார் ஒரு பெரியவர்.

அவ்வளவு சுலபமாக நான் தப்பினேன். அந்தக் கிளாஸ் எனக்குப் பக்கத்தில் நின்றவனின் கைக்குப் போனது. சத்தியம் செய்தவர்களில் அவனும் ஒருவன். அவனும் என்னைத்தான் பார்த்தான். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.