களிம்பில் என்ன கலந்திருக்கிறது?

குளித்துவிட்டு வந்து முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தேன். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியதுபோல் வெள்ளையாக விழுந்தது. ஐம்பத்தைந்து வயதுவரை மலேசியாவில், ஈப்போ நகரில் நடந்த கால்கள் இவை. அங்கே காற்றில் பாதி தண்ணீர். காலையில் போட்ட சட்டை பத்து மணிக்கெல்லாம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு எதையாவது பூச வேண்டும் என்று அங்கே ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஓய்வு பெற்றதும், மனைவி சரோஜாவுக்கு அவள் அப்பா விட்டுப்போன வீட்டில் இருக்கலாம் என்று தர்மபுரி பக்கத்து நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்தோம். வந்த முதல் மார்கழியிலேயே என் தோல் நான் எந்த நாட்டுப் பிரஜை என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு உதட்டில் லேசான வெடிப்பு. எனக்கு மட்டும் கால் முழுக்கத் தண்ணீர் வற்றிய ஏரி.

ஊருக்குப் போய் என்ன செய்கிறாய் என்று மலேசியாவிலிருந்து கேட்டு எழுதும் நண்பர்களுக்கு இதுதான் பதில்: களிம்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் ஈப்போ அரசு மருந்தகத்தில் களிம்பு கிண்டியவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்க முடியும்?

தர்மபுரி பேருந்து நிலையத்தின் அருகே காதர் பாயின் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், ரிப்பன், அத்தர், பவுடர் எல்லாம் உண்டு. முகத்தில் பூசும் கிரீம் எதுவானாலும் இந்த ஊரில் அதற்கு 'ஸ்நோ' என்று பெயர். ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பெண்ணின் முகம். பின்பக்கம் விலை. அவ்வளவுதான்.

"இதில் என்னென்ன கலந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"நல்ல வாசனைங்க. மோந்து பாருங்க."

"வாசனை இருக்கட்டும். தண்ணீரா, எண்ணெயா, மெழுகா, எது அதிகம்?" என்று கேட்டபடி சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன்.

குறிப்பேட்டை எடுத்திருக்கக் கூடாது. பாய் எழுந்து நின்றார். எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது, பின்னாலேயே டீ வந்தது. அலமாரியிலிருந்த நாலைந்து டப்பாக்கள் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் இறங்கின.

"சாரு எந்த ஆபீசுங்க? போன மாசந்தானே ஒரு சார் வந்து பாத்துட்டுப் போனாரு?"

காலில் பூச வாங்க வந்தேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வாங்க வருகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதை அவர் கடை வைத்த நாளிலிருந்து கண்டதில்லையாம். நான் காசை எடுத்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மருந்தகத் தலைவி ஒரு சீன அம்மையார். அதிகம் சேர்ப்பது முதலில், குறைவாகச் சேர்ப்பது பின்னால், வாசனை கடைசியில் என்ற வரிசையில் எழுதாமல் ஒரு டப்பாவும் அவருடைய மேசையைத் தாண்டாது. "எழுதாத களிம்பு களிம்பே இல்லை, சேறு" என்பார். அந்த அம்மையாரிடம் வளர்ந்தவன், தர்மபுரிக் கடைத்தெருவில் நின்று சேறு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு ஸ்நோ, ஒரு கோல்ட் கிரீம், மருந்துக் கடையில் வாங்கிய ஓர் ஆயின்ட்மென்ட் என மூன்றையும் வாசலில் பலகை போட்டு அடுக்கினேன். ஆயின்ட்மென்ட் மருந்துக் கணக்கில் சேர்வதால் உள்ளே இருப்பதை ஒழுங்காக அச்சடித்திருந்தது. மற்ற இரண்டையும் நானே வாய் திறக்க வைக்க வேண்டியிருந்தது. ஸ்நோவைக் கண்ணாடித் துண்டில் தடவி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பறந்து மெல்லிய ஆடை மட்டும் மிஞ்சியது. ஆக, அந்தப் பெண்ணின் முகத்தை நம்பி நாம் வாங்குவது பெரும்பாலும் தண்ணீர். கோல்ட் கிரீமை வெந்நீரில் போட்டதும் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. ஆயின்ட்மென்டில் தண்ணீர் பேருக்கும் இல்லை. தண்ணீர், எண்ணெய், மெழுகு, மருந்து, வாசனை என்று கட்டம் போட்டு எழுதினேன். வாசனை என்ற கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழாக அடித்து 'பயனற்றது' என்று குறித்தேன். என் காலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்ற முடிவுக்கு வர ஒரு முழு நாள் ஆயிற்று. நல்ல நாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பச்சியம்மாள் வந்தாள். பட்டுக்கூட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு நூல் எடுக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவள்.

"என்னங்கய்யா, வாசல்லயே கடை பரப்பிட்டீங்க? யாவாரம் எப்பிடி?"

பேச்சு இப்படி வந்தாலும் கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன. சரோஜாதான் அவற்றை வெளியே இழுத்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. இடுக்குகளில் வெடித்துச் சிவந்திருந்தது.

"நூலு வெரல்ல மாட்டி மாட்டி அறுந்துபோவுதுங்க. கை ஆறுனப்புறம் வான்னு மொதலாளி அனுப்பிட்டாரு. பொங்கலுக்குள்ள போவலைன்னா என் தொட்டிக்கு வேற ஆளு உக்காந்துரும்."

தலைமுடியைவிட மெல்லிய நூலின் நுனியை வெந்நீருக்குள் தேடிப் பிடிக்கிற வேலை அது. சொரசொரத்த விரல் அதற்கு ஆகாது. பொங்கலுக்கு முப்பது நாள் கூட இல்லை. பாரஃபின், தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் மூன்றையும் உருக்கி, மருந்தக முறைப்படி ஆறும்வரை கிண்டி, வாசனை என்ற வீண் செலவு இல்லாத சுத்தமான களிம்பு ஒரு டப்பா கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் கை முன்னைவிட மோசம். எனக்குத் தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. விசாரணை வைத்தேன்.

"பூசுறியா?"

"தெனமும் பூசறனுங்க."

"கையை எதில் கழுவுகிறாய்?"

"யக்கா, நீயே சொல்லு" என்று சரோஜாவைப் பார்த்தாள்.

"துணி சோப்புலங்க" என்றாள் சரோஜா. "ஒரு நாளைக்கு நாலு வாட்டி. வேலைக்குப் போகாம இருக்கிற இப்பவும்."

"தோல் உரியாமல் என்ன செய்யும்? யார் கழுவச் சொன்னது?"

பச்சியம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கக்கா மவன் கல்யாணத்துல பந்திக்குச் சோத்து வாளி தூக்கினேன். புழு நாத்தம் அடிக்குதுன்னு சம்பந்தி வூட்டுப் பொம்பள என் கையிலருந்து வாளியப் புடுங்கிட்டாங்கய்யா. எங்கக்கா பாத்துக்கிட்டுத்தான் நின்னுது."

கூட்டோடு வெந்த புழுவின் வாடை கையை விட்டு லேசில் போகாது. அவளோ அது இன்னும் இருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் உள்ளே போய் என் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய், மெழுகு எல்லாம் சரி. சிவப்புப் பென்சிலால் அடித்த அந்த ஒரு கட்டம்தான் அவளுக்கு மருந்து.

மறுநாள் காதர் பாயிடம் போனேன், குறிப்பேடு இல்லாமல். விஷயத்தைச் சொன்னதும் அவர் அத்தர் குப்பிகளைக் கீழே இறக்கினார்.

"வெடித்த தோலில் வாசனை பட்டால் எரியும் பாய். அதுதான் சிக்கல்."

"வெடிச்ச எடத்துல ஏங்க போடுறீங்க? முழங்கைப் பக்கம் போடச் சொல்லுங்க. வாளிய நீட்டுனா சாப்புடுறவன் மூக்குக்கு எது கிட்ட இருக்குது, வெரலா முழங்கையா? ரெண்டும் கிட்டதான். எது தூக்கலோ அதுதான் அடிக்கும்."

முப்பத்தொரு வருட அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை. ஒரே களிம்பை இரண்டு டப்பாவாக்கினேன். ஒன்று வெறுமையாக, கைக்கு. இன்னொன்றில் ரோஜா அத்தர் கலந்து, மணிக்கட்டுக்கு மேலே நல்ல தோலுக்கு. கழுவுவதற்குக் கடலை மாவு. துணி சோப்பைத் தொட்டால் டப்பாக்களைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்று எச்சரித்தேன். மருந்தகக் களிம்பில் அத்தர் ஊற்றியதைப் பார்த்திருந்தால் எங்கள் தலைவி என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டிருப்பார்.

போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது பச்சியம்மாள் தொட்டிக்குத் திரும்பினாள். பொங்கல் முடிந்து வந்தபோது முந்தானைக்குள் கை இல்லை.

"நூலு ஒருக்காதாங்கய்யா அறுந்துச்சு. அதுவும் கூடு சரியில்ல, என் கை இல்ல." பிறகு சரோஜா பக்கம் திரும்பி, "யக்கா, கோயில்ல பொங்கல நாந்தான் அள்ளி வெச்சேன். ஒருத்தரும் கரண்டிய வாங்கல. எங்கக்கா ரெண்டு தரம் வந்து வாங்கிச்சு."

கொட்டகையில் மற்ற பெண்களும் கேட்கிறார்களாம். எது கைக்கு, எது மேலுக்கு என்று எழுதித் தரச் சொன்னாள். எழுதச் சொன்னால் நான் விடுவேனா? அவளுடைய டப்பாவை நிரப்பி முதல் லேபிளை எழுதினேன். அதிகமானது முதலில், அத்தர் கடைசியில், பிறகு தேதி, தயாரித்த இடம். மருந்தகப் பழக்கத்தில் கை தன் போக்கில் ஓடி, இடம் என்ற வரியில் 'ஈப்போ' என்று எழுதிவிட்டது.

பச்சியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஈ...ப்...போ. இது எந்தப் பக்கங்க, மொரப்பூர் தாண்டியா?"

"அதுக்கும் கொஞ்சம் தள்ளி" என்றேன்.

"கிழிச்சிட்டு வேற எழுதுங்க" என்றாள் சரோஜா.

கிழிக்கக் கூடாது. லேபிளில் தவறு நேர்ந்தால் சுரண்டுவதோ, மையால் மறைப்பதோ விதிக்குப் புறம்பு. முதலில் எழுதியது படிக்கிறபடியே இருக்கும்வண்ணம் அதன்மேல் ஒற்றைக் கோடு மட்டும் இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே ஈப்போவின்மேல் ஒரு கோடு இழுத்தேன், மேலே நல்லம்பள்ளி என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டுப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன். கொட்டகையில் அவளுடைய தொட்டிக்குப் பக்கத்து மாடத்தில் அந்த டப்பா இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஆவி பட்டு மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. இரண்டு ஊரையும் இன்னும் படிக்க முடிகிறது.